சொல்வதற்கும் பிச்சை

கத்தரிக்காய்க்குப் பல் இருக்காது. இதைச் சொன்னதற்குத்தான் தணிகாசலத்தை இருபத்து மூன்று நாளாக வேலைக்கு உள்ளே விடவில்லை.

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, சுங்குவார்சத்திரம் போகிற வழியில், பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்தது அந்த வார்ப்பட ஆலை. தண்ணீர் மோட்டாருக்கு இரும்பு ஓடு வார்க்கிற இடம். வார்த்து ஆறின ஓட்டைச் சுற்றிப் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சாணைச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்து எடுப்பது தணிகாசலத்தின் வேலை. பதினோரு வருஷமாக அதே சக்கரம், அதே பொறி. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அதற்கெல்லாம் அவன் முகம் சுளித்ததில்லை. இரும்புத் தூள்தானே, அழுக்கில்லை என்பான்.

1991-ஆம் வருஷம், ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. பகல் சாப்பாட்டுக்கு மணி அடித்து, ஏறக்குறைய நாற்பது பேர் சாப்பிட்டாயிற்று. தணிகாசலம் இரண்டாவது தடவை சாம்பார் ஊற்றிக்கொள்ள அண்டாவுக்குள் கரண்டியை விட்டான். ஏதோ கனமாக வந்தது.

மயிர் எல்லாம் வெந்து உதிர்ந்து போயிருந்தது. தோல் வெளுத்து, ஊறின பருப்பு நிறத்தில் இருந்தது. வால் கரண்டிக்கு வெளியே தொங்கி, நுனியிலிருந்து சாம்பார் சொட்டிக்கொண்டிருந்தது. வாய் கொஞ்சம் திறந்து, முன்பல் இரண்டும் மஞ்சளாகத் தெரிந்தன. சாம்பார் வாசனையோடு இன்னொரு வாசனையும் சேர்ந்து வந்தது. அந்த வாசனையைத்தான் இவ்வளவு நேரம் புளி தூக்கல் என்று நினைத்துச் சாப்பிட்டிருந்தார்கள்.

கேன்டீன் கான்ட்ராக்டர் பரசுராமன் தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தான். எட்டிப் பார்த்தான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கத்தரிக்காய்பா. எண்ணெய்க் கத்தரிக்காய். காம்போட முழுசா போட்டுட்டான்."

"கத்தரிக்காய்க்குப் பல்லு இருக்குமா நைனா?" என்றான் தணிகாசலம்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சாப்பிட்டு முடித்தவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் ஒருவன் குழாயடிக்கு ஓடினான். அவன் பின்னால் இன்னொருவன். பரசுராமன் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு போய், உள்ளே இருந்ததை அடுப்பில் தட்டினான். தோலும் எலும்பும் கருகிய நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது. கத்தரிக்காய் சுட்டால் அப்படி நாறாது.

பக்கத்துச் சக்கரத்தில் வேலை செய்கிற மாரி மட்டும் எழுந்திருக்கவில்லை. அவன் இரண்டு தடவை வாங்கிப் பிசைந்து சாப்பிட்டவன். தட்டில் வைத்த கையை எடுக்காமல், விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சாயந்திரமே அவனுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டது. நான்காம் நாள் கண் மஞ்சளாகி, காஞ்சிபுரத்தில் பெரியாஸ்பத்திரியில் படுத்துவிட்டான்.

மறுநாள் தணிகாசலமும் இன்னும் ஒன்பது பேரும் கேன்டீனில் சாப்பிட மாட்டோம் என்று சொல்லி வெளியே நின்றார்கள். பத்துப் பேரையும் கம்பெனி வெளியிலேயே நிறுத்திவிட்டது. உள்ளே வரவேண்டுமானால் ஆளுக்கு ஒரு கடிதம் தரவேண்டும். கடிதத்தின் வாசகத்தை ஆபீஸர் சிவசங்கரே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிடுவார். ஆனால் அதைக் கம்பெனி மிஷினில் அடிக்கக்கூடாது. ஆள் தானாக, தன் இஷ்டத்துக்கு, வெளியே போய் அடித்துக்கொண்டு வந்ததாக இருக்கவேண்டும். அந்த ஆலையில் எந்தத் தப்புக்கும் வழக்கம் அதுதான். அடிவாங்குகிறவனே பிரம்பையும் வாங்கி வரவேண்டும்.

ஒன்பது பேர் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். கடைசியாக நின்றவன் தணிகாசலம். கரண்டியைத் தூக்கிக் காட்டினவனும் அவன்தான்.

"நீ ஒருத்தன் எழுதலன்னா எலி உயிரோட வந்துடுமா?" என்றாள் அவன் பெண்டாட்டி செங்கமலம். "எழுதிக் குடுத்துட்டு வேலைக்குப் போ. வூட்ல குந்திகினு கூரை ஓட்ட எண்ணிகினு கீற."

"மாரி படுத்துகினு கீறானேடி."

"நீ எழுதாட்டி அவன் எழுந்துக்குவானா?"

கேன்டீன் சாப்பாட்டால்தான் மாரி படுத்தான் என்று ஆனால் அவன் வேலை போகாது. இல்லையென்றால் சொல்லாமல் நின்றுவிட்டவன் என்று பெயரை அடித்துவிடுவார்கள். இது தணிகாசலத்துக்குத் தெரியும். ஆனால் ஒன்பது பேர் எழுதினபிறகு பத்தாவது கடிதத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்றும் தோன்றியது. ஆபீஸர் கொடுத்த தாளைச் சட்டைப்பையில் நான்காக மடித்து வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.

தாலுகா ஆபீஸுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் தகரத் தாழ்வாரத்தில் லூர்தம்மாள் டைப்ரைட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடிக்கு ஒரு பக்கம்தான் கால், இன்னொரு பக்கம் கறுப்பு நூல். ரேஷன் கார்டு மனு, பட்டா மனு, லீவு லெட்டர் என்று சுற்று வட்டாரத்தில் இங்கிலீஷில் ஒன்று வேண்டுமென்றால் அவளிடம்தான் வரவேண்டும்.

"வா, கத்தரிக்காய்," என்றாள், அவனைப் பார்த்ததும்.

"அந்தப் பேரு வேணாம்மா எனுக்கு."

"ஒன்பது பேரு அடிச்சிகினு போய்ட்டாங்கப்பா. கத்தரிக்காய், கத்தரிக்காய்னு அடிச்சி என் விரலே ஊதா கலர்ல ஆயிடுச்சி. குந்து. நீதான் பாக்கின்னு நெனச்சிகினே இருந்தேன்."

தாளை வாங்கிப் பார்த்தாள். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் கார்பனை வைத்து மிஷினில் மாட்டினாள்.

"அடிக்கறதுக்கு முன்ன ஒருவாட்டி தமிழ்ல சொல்லுங்கம்மா. இன்னாத்துல கையெழுத்துப் போடறேன்னு தெரியணும்."

"மத்த ஒன்பது பேரும் கேக்கல."

"நான் கேக்கறேன்."

லூர்தம்மாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தாள். "'ஐயா, நான் மிகவும் தாழ்மையோட தெரிவிச்சிக்கிறது இன்னான்னா, அன்னைக்கி சாம்பார்ல நான் எடுத்துக் காட்டனது கத்தரிக்காய். எலி எதுவும் இல்ல. தப்பா பாத்துட்டு மத்தவங்களையும் கெளப்பி உட்டேன். அந்தச் சாப்பாட்டால யாருக்கும் ஒடம்பு கெடல.' அவ்ளோதான்."

கடைசி வரியை அவள் படித்தபோது தணிகாசலம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் கண் தாளின் முதல் வரியில் மாட்டிக்கொண்டிருந்தது.

அவனுக்கு எழுத்து வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. ஊரில் பால்வாடிக் கட்டடத்தில் சசிகலா என்ற பெண் சாயந்திரத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்தாள். முப்பத்தொன்பது வயதில் போய் உட்கார்ந்தான். தமிழ் அங்கே வந்தது. இங்கிலீஷ் எழுத்துகள் வேலையில் வந்தன. இரும்பு ஓட்டில் புடைத்திருக்கும் எழுத்துகளை விரலால் தடவித் தடவி ஒவ்வொன்றாகப் பிடித்தான். அதற்கப்புறம் எந்தப் போர்டைப் பார்த்தாலும் நின்று, மேலே தமிழையும் கீழே இங்கிலீஷையும் வைத்து ஒத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஒரு போர்டுக்குக் கால் மணி நேரம்கூட நிற்பான்.

"இது இன்னாம்மா?" விரலை வைத்தான். "பி, ஈ, ஜி."

"அது சும்மா. லெட்டர்னா போடறது."

"இது குன்றத்தூர்ல மலைப்படி ஏறுற எடத்துல போர்டுல கீது. மேல தமிழ்ல, இங்கே பிச்சை எடுக்கக் கூடாதுன்னு எழுதி கீது. அதே மூணு எழுத்து. அது இன்னாத்துக்கு என் லெட்டர்ல வந்துது?"

லூர்தம்மாள் மிஷின் மேலிருந்து கையை எடுத்தாள். அவனைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"இத்தினி வருஷத்துல இத கேட்ட மொத ஆளு நீதான்யா. ஆமா. பெக்னா பிச்சை கேக்கறது. ஸ்டேட்னா சொல்றது. 'ஐ பெக் டு ஸ்டேட்'னா, சொல்லிக்கறதுக்குப் பிச்சை கேக்கறேன்."

"இன்னா பிச்சை? சோறா, துட்டா?"

"ரெண்டும் இல்ல. சொல்றதுக்கு. நான் ஒண்ணு சொல்லலாமா, சொல்ல உடுங்கன்னு கேக்கற பிச்சை."

தணிகாசலம் அதை மனசுக்குள் ஒரு தடவை புரட்டிப் பார்த்தான். சோற்றுக்குப் பிச்சை எடுக்கிறவனாவது சும்மா வாயைத் திறந்து அம்மா தாயே என்கிறான். அந்த வாயைத் திறப்பதற்கு அவன் யாரையும் கேட்பதில்லை. இது அதற்கும் கீழே இருந்தது.

"யார்மா இத கண்டுபுடிச்சது?"

"வெள்ளக்காரன் கொண்டாந்தது. எங்கப்பா செங்கல்பட்டுல கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நாப்பது வருஷம் மனு அடிச்சாரு. பழைய காப்பி எல்லாம் பொட்டியில கட்டி வெச்சிருந்தாரு, நான் அதப் பாத்துத்தான் கத்துக்கினேன். மாடு செத்துப் போச்சின்னு சொல்றதுக்கு ஒரு பெக். கெணறு தூந்து போச்சின்னு சொல்றதுக்கு ஒரு பெக். நெலத்த ஒருத்தன் புடுங்கிட்டான்னா 'மோஸ்ட் ஹம்ப்ளி'ய முன்னாடி சேத்துக்குவாரு. பாதத்துல விழுந்துன்னு ஒரு வரி கடைசீல."

"வெள்ளக்காரனுக்கு வெள்ளக்காரன் எழுதனா?"

"அதுலயும் உண்டு. அத சொல்லலன்னா பொய்யாயிடும். ஏரிக்கரை ஒடஞ்சிடுச்சின்னு இஞ்சினீயர் தொர பெரிய தொரைக்கு எழுதுவான், 'ஐ பெக் டு ரிப்போர்ட்'னு. கால மிதிச்சிட்டாக்கூட 'ஐ பெக் யுவர் பார்டன்'னுவான். அவனுக்கு அது தொப்பியத் தூக்கிக் காட்டறா மாதிரி. தூக்கிட்டு மறுபடியும் தலையில வெச்சிக்குவான்."

"நம்ம ஆளுக்கு?"

"நம்ம ஆளுக்குத் தலைல இருந்த துண்டு இடுப்புக்கு எறங்குச்சின்னா எறங்கனதுதான்." வெற்றிலைச் சாற்றைப் பக்கத்தில் துப்பினாள். "இப்ப அவன் ஊர்லயே அத உட்டுட்டான்னு ஒரு பேங்கு மேனேஜர் சொன்னாரு. 'ஐ ஆம் ரைட்டிங்', நான் எழுதறேன், அவ்ளோதான். நாமதான் இன்னும் அத வெச்சிகினு கீறோம். உடு, வார்த்தை தேஞ்சி போச்சி. அர்த்தத்த நெனச்சி யாரு அடிக்கறாங்க?"

"நான் தேய்க்கறவன்மா. எவ்ளோ தேச்சாலும் இரும்பு இரும்பாத்தான் கீது."

லூர்தம்மாள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவன் முகம் கரண்டியைப் பார்த்த அன்றைக்கு இருந்த மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

"எங்கப்பன் செத்தப்போ லீவு லெட்டர் நீங்கதானே அடிச்சிக் குடுத்தீங்க?"

"ஆமா. அஞ்சாறு வருஷம் ஆச்சே."

"அதுலயும் போட்டீங்களா?"

அவள் மிஷினில் மாட்டின தாளைச் சரிசெய்தாள். "போட்டேன்தான். 'ஐ பெக் டு ஸ்டேட் தட் மை ஃபாதர் ஹேஸ் எக்ஸ்பயர்ட்.' எல்லாருக்கும் அப்டித்தான்."

அன்றைக்கு அவனுக்கு எழுத்துத் தெரியாது. ஊதா மையில் கட்டைவிரலை ஒற்றி, அந்தத் தாளில் வைத்தான். அப்பனுக்குத் தண்ணீர் ஊற்றின ஈரம் விரலில் காயாமல் ரேகை பரவிவிட்டது என்று கம்பெனி குமாஸ்தா இன்னொரு தடவை வைக்கச் சொன்னான். என் அப்பன் செத்துப்போனான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு பிச்சை போடுங்கள் என்று இரண்டு தடவை விரலை ஒற்றியிருக்கிறான். பெண்ணுக்குக் காது குத்தியதற்கு, செங்கமலத்தின் பிரசவத்துக்கு, ஐயனார் கோயில் கூழுக்கு என்று பதினோரு வருஷத்தில் எத்தனை தாள். எலிச் சாம்பாரையாவது ஒரு நாள்தான் தின்றோம், தெரிந்ததும் துப்பினோம். இதை இத்தனை வருஷம் தெரியாமல் தின்றிருக்கிறோமே என்று நினைத்தான். நாக்கைப் பல்லில் தேய்த்துப் பார்த்துக்கொண்டான், ஏதோ ஒட்டியிருப்பது போல.

"அத எடுத்துடுங்க."

"எத?"

"பிச்சைய. மோஸ்டு ஹம்ப்ளின்னு சொன்னீங்களே, அதையும்."

"அந்தாளு எழுதிக் குடுத்தத மாத்தனா திருப்பி அனுப்புவான்யா."

"அனுப்பட்டும். பொய் சொல்றேன்மா, வவுத்துக்காக ஊரே சொல்ற பொய். அத அடிங்க. ஆனா பிச்சை எடுக்க மாட்டேன். எங்க வம்சத்துல எவனும் எடுத்ததில்ல."

"நல்லா யோசிச்சிக்கோ. அத எடுத்துட்டா மீதி கீறது..."

"மீதி எப்டினா போவட்டும்மா. நீங்க அடிங்க."

லூர்தம்மாள் ஏதோ சொல்ல வந்து, தோளைக் குலுக்கிக்கொண்டாள். மிஷின் கடகடவென்று ஓடியது. அடித்து முடித்துத் தாளை உருவி அவன் முன்னால் வைத்தாள். முதல் வரியில் அந்த மூன்று எழுத்து இல்லை. அவன் விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாக நகர்த்தி, கடைசி வரை தேடினான். எங்கேயும் இல்லை. 'ஐ ஸ்டேட்' என்று நிமிர்ந்து நின்றது. கீழே தன் பெயரை முழுசாக, தமிழில், ணி-க்குச் சுழியெல்லாம் ஒழுங்காகப் போட்டு எழுதினான். இருபத்து மூன்று நாளில் அன்றைக்குத்தான் சைக்கிளில் முதுகு வளையாமல் உட்கார்ந்து போனான்.

சிவசங்கர் நாற்பது வயதுக்காரர், திருச்சிப் பக்கம். கோபம் வந்தால் நீ, காரியம் ஆகவேண்டுமென்றால் நீங்க. மேஜைமேல் ஒன்பது கடிதம் கிளிப் போட்டு இருந்தது. பத்தாவதை வாங்கிப் படித்தார். முதல் வரியில் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

தணிகாசலம் தயாராக இருந்தான். திருப்பிக் கொடுத்தால் என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான்.

"நான் எழுதிக் கொடுத்தது இப்படி இல்லையே," என்றார் சிவசங்கர்.

"ஆமா சார். பிச்சைய எடுத்துட்டேன். நான் பிச்சைக்காரன் இல்ல."

சிவசங்கர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அவர் முகம் மெதுவாக விரிந்தது. நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க தணிகாசலம். உட்காருங்க. டீ சாப்பிடறீங்களா?"

பதினோரு வருஷத்தில் அந்த நாற்காலியில் தணிகாசலம் உட்கார்ந்ததில்லை. நுனியில் உட்கார்ந்தான்.

"இது லெட்டர். இதுங்களும் இருக்கே," என்று ஒன்பது கடிதத்தையும் விரலால் தள்ளினார். "பூரா கெஞ்சல். நாளைக்கு லேபர் ஆபீஸ்ல ஒருத்தன் கேட்பான், மிரட்டி வாங்கினீங்களான்னு. கெஞ்சறவன் பயந்துதானே கெஞ்சறான்? நீங்க கெஞ்சலை. பயப்படலை. நேரா, எலி இல்லைன்னு சொல்றேன், யாருக்கும் உடம்பு கெடலைன்னு சொல்றேன்னு எழுதியிருக்கீங்க. அதுவும் கரண்டியப் பிடிச்ச கை எழுதியிருக்கு. இது ஒண்ணு போதும். அந்த மாரி விஷயத்தையும் இதோட முடிச்சிரலாம்."

டீ வந்தது. மேலே ஆடை படிந்திருந்தது. தணிகாசலம் அந்த ஆடையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது லேசாகச் சுருங்கி, ஒரு பக்கமாக ஒதுங்கியது. லூர்தம்மாள் மீதி என்று ஆரம்பித்தது இதைத்தானா? பிச்சையாக இருந்தபோது அது ஆபீஸரின் பொய். கெஞ்ச வைத்து வாயில் திணித்தது என்று என்றைக்காவது ஒரு நாள் துப்பியிருக்கலாம். இப்போது அவனே அதைச் சுத்தமாகத் தேய்த்து, பிசிறெல்லாம் எடுத்து, தன் சொந்தப் பொய்யாக்கிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

"சார், அத ஒருவாட்டி குடுங்க. ஒரு வரிய..."

"ஃபைல் ஆயிடுச்சுய்யா," என்றார் சிவசங்கர். கடிதம் அவர் கையிலேயேதான் இருந்தது. "காலைல ஷிப்டுக்கு வந்துரு."

மறுநாள் காலையில் அவன் சைக்கிளை உள்ளே ஸ்டாண்டில் விட்டு, தூக்குச் சட்டியை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு வந்தபோது, கேட்டுக்கு வெளியே நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மாரியின் பெண்டாட்டி கங்கா. கையில் மஞ்சள் பை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள், சேலையில் பினாயில் வாடை அடித்தது. அவளைப் பார்த்ததும் அவன் கால் தானாகக் கேட்டுக்கு வெளியே வந்தது.

"அண்ணே, நல்ல வேளை நீ வந்த," என்றாள். "டாக்டர் சீட்டு குடுத்தாரு, எதைத் தின்னு வந்துதுன்னு கம்பெனில எழுதி வாங்கினு வரச் சொன்னாரு. இங்க கேட்டா, போர்டுல ஒட்டி கீது, பாத்துக்கோன்றாங்க. எனுக்கு இன்னா தெரியும்? நீதான் படிக்கத் தெரிஞ்சவனாச்சே. படி."

கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டின போர்டு. உள்ளே அவன் கடிதம். பக்கத்தில் அதே வாசகம் தமிழில், கொட்டை எழுத்தில். கீழே தணிகாசலம் என்று சுழி சுத்தமாக இருந்த கையெழுத்து.

வேறு எதையாவது சொல்லிவிடலாம். லீவு நோட்டீஸ் என்று சொன்னால்கூட அவளுக்குத் தெரியப்போவதில்லை. வாய்வரை வந்த அந்தப் பொய்யின் ருசி அவனுக்குத் தெரிந்தது. அண்டாவிலிருந்து வந்த அதே வாசனை.

படித்தான். எழுத்துக் கூட்டாமல், விடாமல் படித்தான். "சாம்பாரில் நான் எடுத்துக் காட்டியது கத்தரிக்காய் என்று சொல்கிறேன். எலி எதுவும் இல்லை. தவறாகப் பார்த்துவிட்டு மற்றவர்களையும் கிளப்பிவிட்டேன். அந்த உணவால் யாருக்கும் உடல் கெடவில்லை."

கங்கா போர்டின் கண்ணாடிமேல் விரலை வைத்தாள். "யாரு எழுதனது?"

"நான்தான்."

"எலி இல்லியா அப்ப?"

"இருந்துது. நான்தான் கரண்டியில தூக்கனேன். பல்லெல்லாம் பாத்தேன்."

"அப்ப அத எழுதறதுதானே?" என்றாள் கங்கா. அவள் கத்தவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். "அவுரு ரெண்டு நாளா கண்ணத் தொறக்கல. எழுதத் தெரிஞ்ச கையி தானேண்ணே அது?"

முதல் சங்கு ஊதியது. ஷிப்டுக்காரர்கள் அவர்களை இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஒன்பது பேரில் இரண்டு பேர் கங்காவைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"பேப்பர் இருக்குதா?" என்றான் தணிகாசலம்.

மனு எழுத வேண்டியிருக்குமோ என்று வாங்கி வைத்த வெள்ளைத் தாள் ஒன்று அவள் பையில் சுருட்டி இருந்தது. காம்பவுண்டுச் சுவரில் வைத்து எழுத ஆரம்பித்தான். சுவர் சொரசொரப்பு பேனாவைத் தட்டித் தட்டி விட்டது. எழுத்து ஒன்று மேலே ஏறியது, ஒன்று கீழே இறங்கியது. ஐயா என்று எழுதினான். அதை அடித்துவிட்டுப் புதிய வரியில் ஆரம்பித்தான்.

இரண்டாம் சங்கு ஊதியது. வாட்ச்மேன் கண்ணப்பன் கேட்டில் கையை வைத்துக்கொண்டு கூப்பிட்டான். "தணிகாசலம், இன்னாய்யா அங்க கவிதை எழுதிகினு கீற? சங்கு ஊதிட்டான். உள்ள வரியா, இல்லியா?"

"இரு."

"நான் இருப்பேன். கேட்டு இருக்காது. நேத்துத்தான்யா உன்ன உள்ள எடுத்தாங்க."

உடல் என்பதற்கு எந்த ல என்று அவனுக்குத் தடுமாறியது. உடம்பு என்று எழுதினான். பின்னால் இரும்பு கேட்டு உருண்டு வந்து மோதுகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தேதி போட்டு, பெயரை எழுதி, அவளிடம் நீட்டினான்.

"இன்னா எழுதி கீற? படி."

"கேன்டீன் சாம்பாரில் எலி இருந்தது. நான் கரண்டியில் எடுத்துப் பார்த்தேன். மாரி அதை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். அன்று சாயந்திரமே அவனுக்கு உடம்பு கெட்டது. முன்னால் நான் கொடுத்த கடிதம் பொய். வேலைக்காகக் கொடுத்தேன். தணிகாசலம், சாணைப் பிரிவு."

கங்கா தாளை வாங்கி, எழுத்து உள்பக்கம் போகும்படி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இத நேத்தே எழுதி இருந்தா நான் இங்க வந்து நின்னு இருக்க மாட்டேன்," என்றாள். காஞ்சிபுரம் பஸ் வருகிற சத்தம் கேட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

தணிகாசலத்தின் சைக்கிளும் தூக்குச் சட்டியும் உள்ளே இருந்தன. கேட்டின் கம்பி இடைவெளியில் கண்ணப்பனின் காக்கி முதுகு தெரிந்தது. சைக்கிளையாவது வெளியே தள்ளிவிடச் சொல்லலாம். அதற்கு வாயைத் திறக்கப் போனவன், மூடிக்கொண்டான். ஊருக்கு ஆறு மைல். சாணைச் சக்கரங்கள் உள்ளே ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கி, இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது. அவன் ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தான்.